ஆள் பங்கு

டைஃபூனும் மேசனும் ஒரே வாரத்தில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் கணினிக்கு மூளையாக இருக்கும் பிராசஸர்கள். அந்த வருஷத்தில் அவற்றைவிட விலை கூடியது எதுவும் சந்தையில் இல்லை. டைஃபூன் கேம் ஆடுகிறவர்களுக்கு, மேசன் கணினியில் கனமான வேலை பார்க்கிறவர்களுக்கு என்று விளம்பரங்கள் பிரித்துச் சொன்னாலும், வாங்க நினைத்தவர்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான்: ரெண்டுல எதுங்க தேவலை? தமிழில் அதற்குப் பதில் வேண்டுமென்றால் மௌலீஸ்வரனின் வீடியோ வரும்வரை பொறுத்திருப்பார்கள்.

மௌலி கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் தன் வீட்டு மாடியையே சோதனைக்கூடமாக ஆக்கி வைத்திருந்தான். அவனுடைய ‘உரைகல்’ சேனலுக்கு நல்ல பேர். கம்பெனிகள் இலவசமாக அனுப்பும் சரக்கைத் தொடமாட்டான். கடைக்குப் போய் மற்றவர்களைப் போல வரிசையில் நின்றுதான் வாங்குவான். ‘மௌலி சொன்னா மாறாது’ என்று ரசிகர்கள் எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது அவன் முதுகு தானாக நிமிரும். அந்தப் பெருமையை அவன் மறைத்ததும் இல்லை.

அவன் அளக்கும் விதமும் தனி. மற்ற விமர்சகர்கள் பேர்போன சில சோதனை மென்பொருள்களை ஓட்டி மதிப்பெண் போடுவார்கள். எந்தெந்த மென்பொருள் என்பது பிராசஸர் செய்கிறவர்களுக்கும் தெரியும். “கேள்வித்தாளைக் கையில குடுத்துட்டுப் பரீட்சை வெச்சா எவன்தான் நூறு வாங்கமாட்டான்?” என்பான் மௌலி. அதனால் அவன் ஆட்களை வைத்து அளந்தான். கேமுக்கு இம்தியாஸ். வேலைக்குத் தாரணி.

இம்தியாஸ் உக்கடத்துக்காரன். துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவதையே பிழைப்பாகக் கொண்டவன். திரையில் எதிரி தலை காட்டி மறைவதற்குள் அவன் விரல் வேலையை முடித்திருக்கும். அந்த விரலுக்காகவே வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அவனை அழைத்தார்கள். தாரணி மௌலியின் மனைவி. கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தலைமை வடிவமைப்பாளர். பம்புக்குள் சுற்றி, தண்ணீரை அள்ளி வீசுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அதன் இதழ்களை எப்படி வளைப்பது என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை. வளைவு ஒரு மயிரிழை பிசகினால் தண்ணீர் ஏறாது, கரண்ட் பில்தான் ஏறும்.

பிராசஸர்களை வாங்கி வந்த சாயங்காலம் இருவரையும் மாடியில் உட்கார வைத்து மௌலி விளக்கினான்.

“கம்பெனி வேற வேற. ஆனா வித்தை ஒண்ணுதான். பிராசஸர்னா எப்பவுமே ஊகிக்கும். அடுத்து என்ன கணக்கு வரும்னு ஊகிச்சு முன்னாடியே போட்டு வெச்சுக்கும். நம்ம பேக்கரில போய் நின்னா மாஸ்டர் கேக்காமயே டீ போடறாரில்ல? அந்த மாதிரி. நாம காப்பி கேட்டுட்டா டீயக் கீழ ஊத்திருவாரு. இத்தனை நாளா அது புரோகிராமை ஊகிச்சுட்டு இருந்துது. இப்ப வந்திருக்கறது ஆளை ஊகிக்குது. உங்க கை அடுத்து எங்க போகும், எதை அமுக்கும்னு பழகிக்கிட்டு, நீங்க அமுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுருது.”

“தப்பா ஊகிச்சுட்டா?” என்று கேட்டான் இம்தியாஸ்.

“அதைச் சத்தமில்லாம அழிச்சுட்டு நீ செஞ்சதை வெச்சுக்கும். நீ மறுக்காத வரைக்கும் அது செஞ்சதுதான் சரி.”

தாரணி சிரித்தாள். “மாஸ்டர் டீ போடறதோட நிறுத்திக்கிட்டாச் சரி. அவரே குடிச்சுட்டாருன்னா நாம எதுக்குங்க பேக்கரிக்குப் போறது?”

மூன்று பேரும் சிரித்தார்கள். டைஃபூன் இம்தியாஸின் வீட்டுக்குப் போயிற்று. மேசன், தாரணி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணினிக்குள் உட்கார்ந்தது.

முதல் சில வாரங்கள் கொண்டாட்டம்தான். “என்னங்க, நான் நினைக்கறதுக்குள்ள வந்து நிக்குதுங்க” என்று தாரணி மாடியிலிருந்தே கூவுவாள். ஒரு வாரத்து வேலை இரண்டு நாளில் முடிந்தது. மதியத்திலேயே கீழே இறங்கி வந்து, நெடுநாளாகப் பார்க்காத தோழிகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இம்தியாஸ் ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்தான். “விரல்ல யாரோ எண்ணெய் போட்ட மாதிரி இருக்குண்ணா” என்றான்.

மௌலி இரண்டையும் மாற்றிப் போட்டும் பார்த்தான். டைஃபூனில் தாரணி வரைந்தபோது கோடு பறந்தது. ஆனால் அவசரக்காரனோடு வேலை பார்ப்பது போல எரிச்சலாக இருக்கிறது என்று அவள் ஒதுக்கிவிட்டாள். மேசனில் ஆடிய இம்தியாஸுக்கு ஆட்டம் நிதானமாக, ஆனால் ஒரு நொடித்துண்டு பின்தங்கியே வந்தது. சூடு டைஃபூனில் அதிகம். கரண்ட் மேசனில் மிச்சம். கேமுக்கு டைஃபூன், வேலைக்கு மேசன், இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் மேசன். இப்படித் தீர்ப்பையும் மனதில் எழுதிவிட்டான்.

அப்போதுதான் ஒருநாள் மதியம் தாரணி மாடியிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். குரலில் கூவல் இல்லை.

“இங்க பாருங்க. அஞ்சாவது இதழை ஆரம்பிச்சு வெச்சுட்டு, கூரியர்காரர் வந்தாருன்னு கீழ போனேன். பக்கத்து வீட்டக்கா பேச்சுக் குடுத்தாங்க, நின்னுட்டேன். வந்து பாத்தா ஏழும் முடிஞ்சிருக்கு.”

“தப்பா இருக்கா?”

“தப்பா இருந்தா நானே அழிச்சுட்டுப் போயிருப்பேனே. உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?” திரையில் இதழின் அடியைத் தொட்டுக் காட்டினாள். “இந்த இடத்துல கொஞ்சம் கனம் கூட்டிருக்கு பாத்தீங்களா? இப்படி நான்தான் கூட்டுவேன். வேற யாரும் கூட்டமாட்டாங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு சக்கரம் இந்த இடத்துலதான் விரிசல் விட்டுத் தெறிச்சுது. டெஸ்டிங்ல நின்ன அண்ணனுக்குக் கை போச்சு. அன்னையிலிருந்து கூட்டறேன். இதுக்கு அந்த விரிசலைப் பத்தி என்னங்க தெரியும்? அந்த அண்ணனைத் தெரியுமா? ஆனா கூட்டிருக்கு.”

மௌலி குனிந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“என் சேலையை யாரோ கட்டிக்கிட்டு என் எதுக்கயே வந்து நிக்கற மாதிரி இருக்கு” என்றாள் தாரணி. அவள் குரலில் பயத்தைவிட அவமானம்தான் கூடுதலாக இருந்தது.

மறுநாள் மௌலி உக்கடத்துக்குப் போனான். இம்தியாஸ் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தான். ஆட்டத்தின் நடுவில் இம்தியாஸ் ஹெட்போனைச் சரிசெய்ய மௌஸிலிருந்து கையை எடுத்தான். திரையில் துப்பாக்கி திரும்பியது, வெடித்தது. இரண்டு பேர் விழுந்தார்கள்.

“பாத்தீங்களாண்ணா? கையெடுத்தாக்கூட விடமாட்டேங்கறேன்” என்று சிரித்தான் இம்தியாஸ்.

“நீயா சுட்ட?”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “ஸ்கோர் என் பேர்லதானேண்ணா ஏறுது?”

வீட்டுக்கு வந்த மௌலி எழுதி வைத்த தீர்ப்பைத் தூக்கி எறிந்தான். வேகம், சூடு, கரண்ட் என்று எல்லாவற்றையும் அளந்தவன், அளக்க வேண்டியதை விட்டுவிட்டதாக அவனுக்குப் பட்டது. ஒரு புதுச் சோதனையை உருவாக்கினான். ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அவருக்குத் தெரியாமல், கைக்கும் கணினிக்கும் உள்ள தொடர்பை அவ்வப்போது துண்டித்துவிட வேண்டும். துண்டித்த நேரங்களில் வேலை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மாறுகிற அளவுதான் அந்த வேலையில் மனிதனுடையது. அதற்கு ‘ஆள் பங்கு’ என்று பேர் வைத்தான்.

டைஃபூனில் இம்தியாஸின் ஆள் பங்கு நூற்றுக்கு முப்பத்து நான்கு. மேசனில் தாரணியின் ஆள் பங்கு ஒன்பது.

இரண்டு எண்களையும் பட்டைகளாகப் போட்ட வரைபடத்தை அவளிடம் காட்டினான். அவள் ஒன்பதின் மேல் விரலை வைத்தாள்.

“நீங்க துண்டிச்சது எனக்குத் தெரியவே இல்லையே.”

“யாருக்குமே தெரியாது. அதுதான் இதுல விஷம். இதைச் சொல்லியே ஆகணும் தாரணி. ஊர்ல ஒருத்தனும் இதைச் சொல்லலை.”

“போடாதீங்க.”

அவன் திகைத்தான். உண்மையை மறைக்கச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான் பொய் சொல்லப் போறதில்லையே. எச்சரிக்கைதானே பண்றேன்.”

“யாருக்குங்க எச்சரிக்கை பண்றீங்க?” என்றாள் தாரணி. “உங்க வீடியோவைப் பாக்கறது யாரு? வாங்கறவன். வேலை செய்யறவனுக்கு ஒம்போதுங்கறது பயம். காசு போட்டு வாங்கற முதலாளிக்கு?”

“அவ்வளவு மட்டமா யாரும் யோசிக்கமாட்டாங்க” என்றான் மௌலி. உண்மையை உண்மையாகச் சொன்னால் ஜனங்கள் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று அவன் அப்போது நம்பினான். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

வீடியோ வெளிவந்தது. முதலில் அவன் நினைத்தபடியேதான் நடந்தது. ‘கண்ணைத் தொறந்துட்டீங்க’ என்று எழுதினார்கள். கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். தாரணி பயந்தது வீண் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளிடம் அப்படிச் சொல்லவும் செய்தான்.

அந்தச் சமயத்தில்தான் இம்தியாஸ் ஆட வேண்டிய ஜகார்த்தா போட்டி வந்தது. ஆளை ஊகிக்கும் பிராசஸர்கள் எதையும் போட்டிக்குள் விடமாட்டோம் என்று நடத்துகிறவர்கள் கடைசி நேரத்தில் அறிவித்துவிட்டார்கள். அவர்கள் வைத்திருக்கும் சாதாரணக் கணினியில்தான் ஆட வேண்டும். இம்தியாஸ் முதல் சுற்றிலேயே வெளியேறினான். அவனை வீழ்த்தியவர்கள், போன வருஷம் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்.

ஊர் திரும்பியதும் நேராக மௌலி வீட்டுக்குத்தான் வந்தான். மாடியில் கிடந்த பழைய கணினியைப் போடச் சொல்லி ஆட உட்கார்ந்தான். எதிரி வந்தான். இம்தியாஸின் விரல் மௌஸின் மேல் அப்படியே இருந்தது. ஆட்டத்தில் இம்தியாஸ்தான் செத்தான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி செத்தான்.

“பாத்தீங்களாண்ணா? கண்ணுக்குத் தெரியுது. மண்டைக்குத் தெரியுது. விரல் மட்டும் சும்மா நிக்குது. வேற யாரோ சுட்டுருவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்குது.”

“பழகினா திரும்பி வந்துரும் இம்தி. கொஞ்ச நாள் டைஃபூனைத் தொடாம இரு.”

“எத்தனை நாள்ணா? அதுவரைக்கும் தோத்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா? எனக்கு இருபத்தாறு ஆச்சு. எங்க தொழில்ல அது கிழவன் வயசு.” கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டான், குளிரில் நிற்பவனைப் போல. “நீங்க முப்பத்து நாலுன்னு சொன்னப்ப நான் சந்தோஷப்பட்டேன். தாரணிக்காவுக்கு ஒம்போதுதானே, நமக்குத் தேவலையேன்னு.”

சில மாதங்களில் அவன் டைஃபூன் விளம்பரத்தில் வந்தான். ‘இம்தியாஸின் தேர்வு’ என்று எழுதியிருந்தது. டைஃபூன் இல்லாமல் இனி அவனால் ஆட முடியாது என்பதை அந்தக் கம்பெனியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அதற்குப் பிறகு அவன் மௌலிக்குப் போன் செய்வதில்லை. மௌலி செய்தாலும் எடுப்பதில்லை.

வரைபடமும் அதன் பாட்டுக்குப் பயணப்பட்டிருந்தது. மௌலியின் வீடியோ நாற்பது நிமிஷம். அதை முழுதாகப் பார்க்க யாருக்குப் பொறுமை? யாரோ அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். ‘மேசன்: ஆள் பங்கு வெறும் ஒன்பது!’ என்று தலைப்புப் போட்டார்கள். தொழிலதிபர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றியது. பிறகு மேசன் கம்பெனியே அதைப் பெட்டியின் மேல் அச்சடித்தது. வேறு நாட்டு விமர்சகர்களும் மௌலியின் சோதனையை எடுத்துக்கொண்டார்கள். வரைபடத்தின் ஓரத்தில், எல்லா வரைபடங்களிலும் போடுவது போல, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள்: குறைவாக இருந்தால் நல்லது.

மௌலி கத்தினான், மறுத்து ஒரு வீடியோ போட்டான். அதை முதல் வீடியோவின் நூற்றில் ஒரு பங்கு ஆட்கள்கூடப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜைக்குத் தாரணியின் கம்பெனியிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. முதலாளி குழந்தைசாமி தானே போன் செய்து, “தம்பி, நீங்க கண்டிப்பா வரோணும்” என்றார். தாரணிக்கும் காரணம் தெரியவில்லை. வருஷா வருஷம் நடக்கிற பூஜைதான், குடும்பத்தோடு கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்.

லேத்துகளுக்கும் டிரில்லிங் மெஷின்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வடிவமைப்புக் கூடத்தில் புதிதாக ஒரு வரிசைக் கணினிகள். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய மேசன்கள். ஒவ்வொன்றுக்கும் மாலை போட்டிருந்தது. தாரணியும் அவளோடு வேலை பார்க்கும் வடிவமைப்பாளர்களும் பட்டுச் சேலையில் ஓரமாக நின்றார்கள். பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்ததும் குழந்தைசாமி மௌலியை முன்னால் அழைத்தார். மாலை போட்ட கணினிகளுக்கு முன் நிற்க வைத்துப் பொன்னாடை போர்த்தினார்.

“தம்பி வீடியோவப் பாத்துட்டுத்தானுங்க நான் இதை வாங்குனேன். ஒம்போதுன்னு ஒரே ஒரு நம்பரு. நமக்குக் கண்ணத் தொறந்து விட்டுட்டாரு. நம்மூருத் தம்பி, நம்ம அம்மிணி வூட்டுக்காரரு. இவரு சொன்னாச் சரியா இருக்கும்னு எடுத்தேன். சரியா இருந்துது.”

எல்லோரும் கைதட்டினார்கள். வடிவமைப்பாளர்களும் தட்டினார்கள், என்ன ஏதென்று புரியாமலே.

பிறகு இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போய் இனிப்பு கொடுத்தார். நல்ல மனிதர். பேச்சில் ஒரு சுடுசொல் கிடையாது.

“அம்மிணி, உன்ற கையப் பூராவும் மேசனுக்குள்ள எறக்கியாச்சு. நேத்து நான் வெறும் அளவு மட்டும் குடுத்துப் பாத்தேன். நீ வரையற மாதிரியே, அடில அந்தக் கனம் உட்பட, அப்படியே வருது. இனி நீ சிரமப்பட வேண்டியதில்ல கண்ணு. எல்லாருக்கும் செய்ய வேண்டியதைக் குறையில்லாமச் செஞ்சுருவேன். தீவாளியோட நின்னுக்கலாம்.”

தாரணி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “அந்தக் கனம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா சார்?” என்று கேட்டாள்.

“எதுக்கா இருந்தா என்ன கண்ணு? அதுதான் வருதே.”

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், அவன் தோளிலிருந்து நழுவிச் சீட்டில் கிடந்த பொன்னாடையைத் தாரணி மடித்து அவன் மடியில் வைத்தாள்.

“ஜரிகை நல்லா இருக்குங்க” என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ‘நான் சொன்னேனே’ என்றுகூட அவள் சொல்லவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், அவனோடு பேசவும் பேசினாள். ஆனால் அன்றைக்குப் பிறகு, மாடியில் அவன் என்ன செய்கிறான் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மௌலி அந்த வீடியோவை அழித்தான். அதனால் என்ன ஆகப்போகிறது? சோதனை உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அடுத்த மேசன் வந்தபோது ஆள் பங்கு நான்கு என்றார்கள். அவன் அதை வாங்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. ‘மௌலிக்கு வயசாயிருச்சு’ என்று ரசிகர்கள் எழுதினார்கள். பிறகு அதையும் எழுதவில்லை.

தாரணி பரணிலிருந்து பழைய கணினி ஒன்றை இறக்கி, கூடத்து மூலையில் வைத்துக்கொண்டாள். யாரும் கேட்காத சக்கரங்களை வரைந்தாள். முதலில் அவள் கையும் இம்தியாஸின் விரலைப் போலத்தான் நின்றது. ஒரு கோட்டைத் தொடங்கிவிட்டு, மீதி தானே வந்துவிடும் என்று காத்திருப்பாள். வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுப்பாள். அவளைத் தோற்கடிக்க எதிரே யாரும் இல்லாததால், அவளால் பொறுமையாக இருக்க முடிந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று. ஒருநாள் கோடு எங்கும் நிற்காமல் முழு வளைவாக வந்து சேர்ந்தது. அன்று அவள் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துச் சிரித்ததை மௌலி கதவோரமாக நின்று பார்த்தான். உள்ளே போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சுஷ்மிதா வந்தாள். மேசன் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்தில் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. சென்னைப் பெண்.

“சார், உங்க ஆள் பங்குல இப்ப ஒரு சிக்கல்” என்று ஆரம்பித்தாள். “நாலு, மூணு, ரெண்டுன்னு குறைஞ்சுக்கிட்டே போகுது. இனிமே குறைக்க ஒண்ணுமில்ல. ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியல. அதனால நேரா மனுஷங்களோட ஒப்பிட்டுக் காட்டலாம்னு இருக்கோம். பக்கத்துல ஒரு மனுஷன், அதே வேலையைத் தனியாச் செய்யணும். ஆனா ஆளே கிடைக்க மாட்டேங்கறாங்க. டிசைனர்னு யாரைக் கூப்பிட்டாலும் மேசன்ல பழகின கை. தனியா விட்டா நின்னுடுது. கேமர்ஸ்ல ஒருத்தர்கூடத் தேறல. உங்க மனைவி பழைய சிஸ்டம்ல வரையறாங்கன்னு கேள்விப்பட்டோம்.”

“எந்திரிங்க” என்றான் மௌலி. “அவ கையை எடுத்துக்கிட்டீங்க. இப்ப அதைப் பக்கத்துல வெச்சு, பாருங்க எவ்வளவு மெதுவா இருக்குன்னு காட்டணுமா? வெளிய போங்க.”

“இருங்க” என்று உள்ளிருந்து தாரணி வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சுஷ்மிதாவின் எதிரில் உட்கார்ந்தாள். “என்ன வேலைன்னு முழுசாச் சொல்லுங்க.”

“தாரணி, வேண்டாம்.”

“எனக்கு வேலை செய்யணுங்க” என்றாள் அவள், அவனைப் பார்க்காமலே. “நான் வரையறதை யாரோ ஒருத்தர் பாக்கணும். எதுக்குப் பாக்கறாங்கன்னு நான் கேக்கப்போறதில்ல.”

அவினாசி ரோட்டில் ஒரு கட்டடத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு பக்கம் புது மேசன். மறுபக்கம் சாதாரணக் கணினியில் தாரணி. இரண்டு பேருக்கும் ஒரே வேலை கொடுப்பார்கள். வழக்கமான சக்கரங்களில் மேசன் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். அவள் தன் போக்கில் வரைந்து முடிப்பாள். அளவெடுப்பார்கள். அவள் அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை, மௌலியும் கேட்பதில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போது அவள் நடையில் பழைய விறுவிறுப்பு வந்திருந்ததை அவன் கவனித்தான்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வந்ததும் செருப்பைக் கழற்றாமலே பேச ஆரம்பித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளாக வந்து அவனிடம் சொன்ன முதல் பேச்சு அது.

“இன்னைக்குப் புதுசா ஒண்ணு குடுத்தாங்க. சாக்கடைத் தண்ணி எறைக்கற பம்ப். துணி, முடி, சாக்கு எது வந்தாலும் சிக்காமப் போகணும். அந்த அளவுல இதுக்கு முன்ன யாரும் செஞ்சதில்லையாம். மேசன் எதைப் பாத்து ஊகிக்கும்? வளைக்குது, அழிக்குது, மறுபடி வளைக்குது, மறுபடி அழிக்குது. ஏழு இதழ், அஞ்சு இதழ்னு என்னென்னமோ பண்ணுது. நான் ரெண்டே இதழ் போதும்னு முடிவு பண்ணினேன். சாக்கு சிக்கற இடத்தை அப்படியே விழுங்கற மாதிரி ஒரே வளைவு. வந்துருச்சுங்க.”

“மேசன்?”

“அது இன்னும் அழிச்சுட்டே இருந்துது. நான் முன்னாடி முடிச்சுட்டேன்.”

மௌலி எழுந்துவிட்டான். கண் கலங்கியது. மாடிக்கு ஓடி, கேமராவைப் போட்டு, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. “அளவெடுத்தாங்கல்ல? பதிவு ஆகியிருக்கும்ல?”

“சுஷ்மிதாவே வந்து பாத்தாங்க. ரொம்பப் பிரமாதம்னு கையைப் புடிச்சுக் குலுக்கினாங்க. உக்கார வெச்சு ஜூஸ் வரவழைச்சுக் குடுத்தாங்க.” தாரணி இப்போதுதான் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். “அப்புறம் இன்னொரு தடவை செய்யச் சொன்னாங்க. கொஞ்சம் மெதுவா.”

மௌலி மறுபடி உட்கார்ந்தான்.

“முதல்ல வரைஞ்சது?”

“அதை மேசனுக்குக் காட்டிட்டாங்க.”

சமையலறையில் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. அவன் மெல்ல எழுந்து சமையலறை வாசல்வரை போய், கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

“நீ என்ன பண்ணின?”

“மெதுவாச் செஞ்சேன்” என்றாள் தாரணி, கையைக் கழுவிக்கொண்டே. “ஆனா லேசுல வரலைங்க. கை கேக்கவே மாட்டேங்குது.”